வண்டியைப் பாரத்தோடு கொண்டு வாருங்கள்

கடைக் கவுண்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று முதலாளியின் மகன் கேட்டார். பேசச் சொல்லியிருந்தால் பேசிவிட்டுப் போயிருப்பேன். எழுதச் சொன்னால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. கிள்ளானில் இந்த பிரேக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். ஸ்பேனர் பிடித்ததில்லை. வண்டிக்கு அடியில் படுத்ததில்லை. என் வேலை விலை சொல்வதும், திட்டு வாங்குவதும், திருப்பித் திட்டுவதும்தான். வேலையை விட்டு வீட்டில் இருக்கிற இந்த நாளிலும் தெருவில் ஒரு வண்டி கிறீச்சென்று நின்றால் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கிறேன். மகள் கத்துகிறாள். என்ன செய்வது, எனக்குப் பிறவியிலேயே மூக்கு நீளம்.

நீங்கள் போனை எடுத்தால் எதிர்முனையில் ஹலோ இருக்காது, வணக்கம் இருக்காது. "பிக்கப்புக்கு பிரேக் மாத்த எவ்ளோ?" அவ்வளவுதான். நீங்களும் கையில் இருக்கும் விலைப் பட்டியலைப் பார்த்து ஒரு தொகை சொல்வீர்கள். முன்பக்க பேட் மட்டும் என்றால் ஒரு குடும்பம் பிரிக்பீல்ட்ஸ் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, வரும் வழியில் பூவும் பழமும் வாங்குகிற செலவு. டிஸ்க்கும் சேர்த்து என்றால் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு உடுப்பும் சப்பாத்தும் எடுக்கிற செலவு. சொன்னவுடன் அந்தப் பக்கம், "அம்பாங்ல இதவிட கம்மி லா" என்பார்கள். உடனே உங்களுக்கு ரோஷம் வரும், விலையைக் குறைப்பீர்கள். குறைக்காதீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் ஒரு முறை வந்தார். நல்ல மனிதர்தான், கொஞ்சம் கையிறுக்கம். "ஆன்டி, எடது பக்கந்தான் சத்தம் போடுது. எடது பக்கம் மட்டும் மாத்திக் குடுங்க. பாதி காசுதானே வரும்?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை, மனதாரத்தான் கேட்கிறார். "அங்கிள், வலது பக்கம் மட்டும் ஓடிட்டு எடது பக்கம் நிக்கிற வண்டியில நீங்க போவீங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப தள்ளுபடியாவது குடுங்க" என்றார். இப்படியும் ஆட்கள் வருவார்கள். சிரித்துக்கொண்டே சமாளிக்கலாம்.

சிரிக்க முடியாத கேள்வி ஒன்றை ஒரு தடவை ஒரு பெண் என்னிடம் கேட்டாள். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அவள் பெயர் பரமேஸ். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் கூடாரமும் நாற்காலியும் மேசையும் வாடகைக்கு விடுகிறவள். புருஷன் போன பிறகு தனி ஆளாகத் தொழிலைத் தூக்கி நிறுத்தியவள். கிள்ளானில் எந்தத் தாமானில், எந்தக் குடியிருப்பில் விசேஷம் என்றாலும் அவளுடைய நீலக் கூடாரம் நிற்கும். சின்ன லோரி வாங்குகிற வசதி இன்னும் வரவில்லை. ஒரு பிக்கப்பை வைத்துத்தான் இரும்புக் கம்பம், தார்ப்பாய், நாற்காலி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குக் காலை கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து வந்தாள். பிக்கப்பை ஓட்டிவந்தது அவள் தம்பி தேவன். அவரை வெளியே நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு இவள் மட்டும் உள்ளே வந்து, கவுண்டர்மேல் கையை ஊன்றி, குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது. பிரேக்கக் கழட்டிப் பாத்தா, ஓட்டுறவன் குடிச்சிட்டு ஓட்டுறானா இல்லையான்னு தெரியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். பிரேக்கைப் பார்த்து ஆளைச் சொல் என்று ஒருவரும் கேட்டதில்லை. என்னம்மா விஷயம் என்று கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டாள். தேவன் ஒரு காலத்தில் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். குடி வந்து வேலை போய், பெண்டாட்டி போய், கடைசியில் இவள்தான் டெங்கில் பக்கம் குடியை மறக்கவைக்கிற ஒரு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து மாதக்கணக்கில் வைத்து மீட்டு எடுத்திருக்கிறாள். திரும்பி வந்ததும் பிக்கப் சாவியைக் கையில் கொடுத்து, "இத நீ ஓட்டு. தண்ணியத் தொட்டேன்னு தெரிஞ்சா அன்னைக்கே சாவி எங்கிட்ட வரணும்" என்று சொல்லியிருக்கிறாள். அவரும் சரியென்று வேலைக்கு வந்திருக்கிறார்.

"அவன் கையில குடுத்ததுலேருந்துதான் அக்கா இது. முன்பக்க பேட் நிக்கவே மாட்டேங்குது. மாத்துறேன், மறுபடி போகுது. மாத்துறேன், மறுபடி போகுது. ரெண்டு கடையில காட்டிட்டேன். ரெண்டு பேரும் ஒரே பேச்சு. டிரைவர் காலு சரியில்லை, பிரேக் மேலயே நிக்கிறான்னு. தெளிவா இருக்கிறவன் அப்படி ஓட்டுவானா? நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்களும் அதேதான் சொன்னீங்கன்னா இன்னைக்கே சாவிய வாங்கிருவேன்."

"வாங்கிட்டா அவரு என்ன செய்வாரு?"

அவள் வெளியே பார்த்தாள். "பழைய இடத்துக்குத்தான் போவான். வேற எங்க போவான்?" என்றாள். கண் கலங்கிவிட்டது.

இப்போது நீங்கள் என் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். எங்கள் வேலை பேட் மாற்றுவது. அதற்கான விலையைச் சொல்வது. ஆனால் நான் எழுதிக் கொடுக்கும் அந்தக் காகிதத்தை வைத்து ஒரு மனிதனுக்குத் தீர்ப்பு எழுதப் போகிறாள் இவள்.

வண்டி உள்ளே போனது. எங்கள் ஃபோர்மன் சீனர். தோட்டத்தில் பிறந்து தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். தமிழ் வரும், கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும். வயது வித்தியாசமில்லாமல் எல்லாரும் அவருக்குத் தங்கச்சி, தம்பிதான். வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முன் பேட் இரண்டு பக்கமும் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்து, மேலே மயிரிழை மாதிரி வெடிப்பு.

"முன்னாடி ஹபிஸ், தங்கச்சி. எல்லாம் முடிஞ்சிருச்சு. பின்னாடி பாரு, பிரேக் ஷூ புதுசு மாதிரி இருக்கு. பின்னாடிக்குச் செலவு இல்ல. அந்த அம்மாகிட்ட சொல்லு, சந்தோஷப்படும்."

வண்டியைக் காலியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்தால் சொன்ன இடத்தில் நிற்கிறது. ஒரு பக்கமாக இழுக்கவில்லை. எண்ணெய் ஒழுகவில்லை. தேய்ந்ததைத் தவிர வேறு ஒரு குறையும் இல்லை. "வண்டி பாகுஸ், நல்லாத்தான் இருக்கு. அப்ப டிரைவர் காலுதான் கனம் போல" என்று உதட்டைப் பிதுக்கினார்.

அதோடு என் வேலை முடிந்திருக்க வேண்டும். பேட், டிஸ்க், கூலி. மூன்று வரி. ஆனால் எனக்கு ஒரு அரிப்பு. முன்பக்கம் இப்படித் தேய்கிற வண்டியில் பின்பக்கம் மட்டும் எப்படிப் புதுசாக இருக்கும்? காலால் மிதிப்பது ஒரே பெடல்தானே? ஃபோர்மனிடம் கேட்டேன். "முன்னாடிதான் எப்பவும் அதிகம் தேயும் லா" என்றார். அது எனக்கும் தெரியும். ஆனால் இவ்வளவா? அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

நான் இரண்டு கிளாஸ் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வெளியே போய் தேவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒல்லியான மனிதர். முகம் மழித்து, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். வாத்தியார் அறைக்கு வெளியே நிற்கிற மாணவன்போல இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்திருந்தார். உள்ளே என்ன பேச்சு நடந்தது என்று அவருக்குத் தெரியும். அக்கா முகம் பார்த்தே தெரிந்திருக்கும்.

"வண்டி ஓட்டும்போது எப்படி இருக்கு தேவன்? எப்ப சரியில்லாம போகுது?"

திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். "எங்கிட்ட இது வரைக்கும் யாரும் கேக்கலக்கா" என்றார். பிறகு யோசித்து யோசித்துச் சொன்னார். "காலியா வந்தா ஒண்ணுமே இல்ல. நல்லா நிக்கும். லோட் ஏத்துனா வேற வண்டி மாதிரி ஆயிரும். பிரேக் புடிச்சா மூக்கு கவுந்துரும். பின்னாடி ஆளே இல்லாத மாதிரி தள்ளிக்கிட்டு வரும். கருகுற வாடை வரும். மெதுவாத்தான் ஓட்டுறேன். மெதுவா ஓட்டுனாலும் நிக்க மாட்டேங்குது, அதனால பலமா மிதிக்கிறேன்."

பிள்ளைகளே, இதைக் கேட்டதும் என் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் நம் கடையில் ஒரு பழக்கம் இருக்கிறது. போனில் தேதி கொடுக்கும்போது கடைசியாக என்ன சொல்வோம்? "வண்டியைக் காலி பண்ணி எடுத்துட்டு வாங்க." தூக்கி நிறுத்த வேண்டும், சாமான் சரியக் கூடாது, காணாமல் போனால் வம்பு. எல்லாக் கடையும் அப்படித்தான் சொல்லும். ஆக, நாங்களோ, அந்த இரண்டு கடைக்காரர்களோ, இந்த வண்டியைப் பாரத்தோடு பார்த்ததே இல்லை. அது எப்போது கெட்டுப்போகிறதோ அப்போது எங்கள் கண்ணில் படுவதில்லை. காலியாக, சமர்த்தாக வந்து நிற்கும்போது பார்த்துவிட்டு டிரைவரைக் குற்றம் சொல்கிறோம்.

உள்ளே வந்து பரமேஸிடம் சொன்னேன். "பேட்டும் டிஸ்க்கும் இப்ப போட்டே ஆகணும், அது இல்லாம அனுப்ப முடியாது. ஆனா நீ கேட்ட கேள்விக்கு இன்னைக்கு எங்கிட்ட பதில் இல்ல. அடுத்த தடவை லோட் ஏத்திக்கிட்டு போறப்ப இங்க கொண்டு வா. கம்பம், நாற்காலி எல்லாத்தோடயும். அது வரைக்கும் சாவிய வாங்காத."

அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா ஒங்களுக்கு?" என்று முணுமுணுத்தாள். ஃபோர்மனோ சிரித்தேவிட்டார். "தங்கச்சி, வொர்க்‌ஷாப்புக்கு யாரு லோட் தூக்கிட்டு வருவா?"

வரவில்லைதான். வாரங்கள் போயின. விசேஷத்துக்குப் போகிற அவசரத்தில் யார் வந்து நிற்பார்கள்? நானும் தினம் காலையில் கேட்டைப் பார்ப்பேன். மறந்துபோய்விட்டாளோ, சாவியை வாங்கிவிட்டாளோ என்று மனசு அடித்துக்கொள்ளும். போன் போட்டுக் கேட்கவும் பயம்.

ஒரு நாள் காலை, கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறேன், கருகல் நெடி மூக்கைப் பிடுங்கியது. திரும்பிப் பார்த்தால் அந்த பிக்கப் தட்டுத்தடுமாறி உள்ளே வருகிறது. மேலே கம்பமும் நாற்காலியும் கயிறு கட்டி மலையாகக் குவிந்திருக்கிறது. முன் சக்கரம் இரண்டிலும் புகை. பின்னாலேயே பரமேஸ் தன் சின்னக் காரில் வந்து, கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடிவந்தாள்.

"பாத்தீங்களா அக்கா? பாத்தீங்களா? நீங்க போட்ட பேட்டும் போச்சு! காப்பார் ரோட்டுல சாவு வீடு. ஆஸ்பத்திரியிலேருந்து பொணம் வந்துரும், வாசல்ல ஒரு நெழலு இல்ல. இவன நம்பி நான் எப்படித் தொழில் பண்றது?"

தேவன் வண்டியை விட்டு இறங்கி ஓரமாக நின்றார்.

நான் ஃபோர்மனைப் பார்த்தேன். அவர் வண்டியைத் தூக்கச் சொல்லவில்லை. பத்தடி தள்ளி நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். மறுபடி தள்ளி நின்றார்.

"லோட் மானா? எங்க?" என்றார்.

"எதிர்ல தானே அங்கிள் இருக்கு! கண்ணு தெரியலையா?" பரமேஸ் கத்தினாள்.

"மேல இருக்கு தங்கச்சி. கீழ இல்ல. பாரு. இவ்ளோ இரும்பு ஏத்தியிருக்க, பின்னாடி ஒரு விரல் கூட எறங்கல. அன்னைக்குக் காலியா எப்படி நின்னுச்சோ அப்படியே நிக்குது."

அப்புறம்தான் நான் பார்த்தேன். உண்மைதான். ஆளுயரத்துக்குப் பாரம் இருக்கிறது, வண்டியின் பின்பக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. ஃபோர்மன் அட்டையை விரித்துக் கீழே படுத்தார். டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து உட்கார்ந்தபடியே கேட்டார்.

"ஸ்பிரிங் தம்பா பண்ணியிருக்கு, கூடப் போட்டிருக்கு. யாரு போட்டது?"

தேவன் அக்காவைப் பார்த்தார். பரமேஸுக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை. "நாந்தான் போடச் சொன்னேன். லோட் ஏத்துனா பின்னாடி படுத்துக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. தம்பி வரான், நல்ல வண்டியா இருக்கட்டும்னு ரெண்டு பட்டை கூடப் போட்டுக் குடுத்தேன். அதுக்கு இப்ப என்னா?"

பின் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இரும்புப் பட்டை இருக்குமே, அந்த ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை அதிகம். கிள்ளானில் பாரம் ஏற்றுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் செய்கிற வேலைதான். பார்த்துப் பார்த்து எங்கள் கண் பழகிப்போய், அன்றைக்குத் தூக்கி நிறுத்தியபோதும் அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் அந்த மாதிரி பிக்கப்பில் பின்பக்கம் ஒரு வால்வு இருக்கிறது. பந்தியில் பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துப் பார்த்துச் சோறு வைப்பார் இல்லையா, அதுபோல வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து அது பின் பிரேக்குக்குப் பலம் கொடுக்கும். நன்றாகத் தாழ்ந்தால் பாரம் அதிகம், பலமும் அதிகம். தாழவே இல்லை என்றால் வண்டி காலி, கொஞ்சம் போதும். பட்டை கூடியதால் இந்த வண்டி தாழ்வதே இல்லை. எவ்வளவு இரும்பை ஏற்றினாலும் அந்த வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொண்டிருந்தது. பின் பிரேக் சும்மா கூட வந்தது. எல்லாப் பாரத்தையும் முன் பிரேக் ஒன்றே தாங்கிக் கருகியது. விவரம் தெரிந்தவர் பட்டை போடும்போதே தாழ்வை வால்வுக்குச் சொல்கிற கம்பியையும் அதற்கேற்றபடி திருத்திவிடுவார். இவளுக்குப் போட்டவர் திருத்தவில்லை.

இதை ஃபோர்மன் தமிழிலும் மலாயிலும் கையாலும் காலாலும் விளக்கி முடித்தபோது பரமேஸ் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்ப... நான் போட்டதுதானா?"

"தம்பி வந்தப்ப போட்ட. தம்பி வந்ததுலேருந்து பேட் போச்சு. கணக்கு சரிதானே?" என்றார் ஃபோர்மன். அவருக்கு அந்தக் குடும்பக் கதை தெரியாது. சாதாரணமாகத்தான் சொன்னார்.

பிறகு அந்த வண்டிக்கு என்ன செய்தோம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். கூடப் போட்ட பட்டை இரண்டையும் கழற்றினோம். வால்வின் கம்பியைச் சரிபார்த்து வைத்தோம். டிஸ்க்கும் பேட்டும் புதிது. ஒரு நடைக்கு ஏற்றியதை இனி இரண்டு நடையாக ஏற்று என்று சொல்லி அனுப்பினோம். அதற்கப்புறம் அந்த பேட் ஒழுங்காக நின்றது.

ஆனால் அந்தக் காலையில் எங்கள் முன்னால் இருந்தது சாவு வீடு. வண்டி நகரக் கூடாது என்று ஃபோர்மன் கையை விரித்துவிட்டார். கூடாரம் போயே ஆக வேண்டும். கடையின் சொந்த லோரி பின்பக்கம் நின்றது. அதை ஓட்டுகிறவர் அன்று லீவு. முதலாளி ஊரில் இல்லை. லோரிச் சாவி என் மேசையில். அங்கே லோரி லைசென்ஸ் இருந்த ஒரே ஆள் தேவன்.

கடைப் பையன்களும் பரமேஸின் காரில் வந்திருந்த ஆட்களும் சேர்ந்து கம்பங்களை லோரிக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். நான் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். பரமேஸ் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, அப்ப அவன் குடிக்கலைன்னு சொல்றீங்களா?"

"அத பிரேக் சொல்லாது பரமேஸ். பேட் தேஞ்சதுக்கு அவரு காரணம் இல்ல. அவ்வளவுதான் இந்த வண்டி சொல்லுது. மீதிய நீயும் நானும் கண்ணால பாத்துத்தான் முடிவு பண்ணணும்."

அவளுக்கு அப்படிச் சொல்லிவிட்டேன், ஆனால் சாவியைக் கொடுக்க வேண்டியவள் நான். அது முதலாளியின் லோரி. ஏதாவது ஆனால் என் வேலை போகும், அதைவிட மோசமாகவும் ஏதாவது ஆகலாம். ஒரு நிமிஷத்தில் முடிவு எடுக்க வேண்டும். ஒரு போத்தல் தண்ணீரை எடுத்துக்கொண்டு தேவனிடம் போனேன். கொடுக்கிற சாக்கில் நன்றாக நெருங்கி நின்றேன். சொன்னேனே, என் மூக்கு நீளம். கருகிய பேட் வாடை. வேர்வை. நெற்றியில் தடவிய தைலம். வேறு ஒன்றும் இல்லை. கண்ணைப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. பேச்சும் தெளிவு. போத்தலை வாங்கிய கை மட்டும் நடுங்கியது, அது பயத்தில். பயத்துக்கும் குடிக்கும் வித்தியாசம் தெரியாமல் இத்தனை வருஷம் கவுண்டரில் உட்காரவில்லை நான்.

சாவியை நீட்டினேன். "தேவன், லோரிய எடுங்க."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேணாக்கா. வேற யாரயாச்சும் கூப்புடுங்க."

"வேற யாரும் இல்ல. ஃபோர்மன் சொன்னது கேட்டுச்சுல்ல? தப்பு ஒங்க மேல இல்ல."

"கேட்டுச்சுக்கா." தலையைக் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். "குடிச்சிட்டுத் திரிஞ்ச காலத்துல கூட என் கால நான் சந்தேகப்பட்டதில்ல. இந்த ஒரு வருஷமா ஒரு சொட்டு தொடல. ஆனா எல்லாரும் சொல்லிச் சொல்லி, எனக்கே தோணிருச்சு. நான் சரியாத்தான் மிதிக்கிறேனா, இல்ல பழைய விஷம் காலுல தங்கிருச்சான்னு. இப்ப ஒவ்வொரு லாம்பு மேராவுலயும், செவப்பு விழுந்ததும், கீழ குனிஞ்சு என் கால நானே பாக்குறேன். பயமா இருக்குக்கா. என்ன ஓட்டச் சொல்லாதீங்க."

கம்பம் ஏற்றிக்கொண்டிருந்த பையன்கள் கையை நிறுத்திவிட்டார்கள். பிரேக் மாற்ற எவ்வளவு என்று ஆயிரம் பேருக்கு விலை சொல்லியிருக்கிறேன். இந்தச் செலவு எங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பரமேஸ் வேகமாக நடந்து வந்தாள். அடிக்கப் போகிறாளோ என்று பயந்துவிட்டேன். என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"நான் சொன்னதெல்லாம் தப்புடா. கேட்டுக்க. ஒன் காலு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் புத்தி இல்ல. வண்டியக் கெடுத்தது நான், ஒன்னப் பேசுனதும் நான். நீ ஒண்ணும் பண்ணல." குரல் உடைந்து, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அழுவறதா இருந்தா நான் அழுதுக்கறேன். நீ ஏறு. அங்க வெயில்ல பொணத்த வச்சிட்டு நிப்பாங்க."

அவர் அசையவில்லை. அவள் தன் காரைத் திறந்த கதவோடு அப்படியே விட்டுவிட்டு, லோரியின் இடது பக்கக் கதவைத் திறந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து, "வாடா!" என்றாள். தேவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் ஏறினார்.

லோரி மெதுவாக நகர்ந்து கேட் வரை போய் நின்றது. வெளியே சாலையில் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நானும் ஃபோர்மனும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு பஸ் போயிற்று, இரண்டு மோட்டார் சைக்கிள் போயிற்று. பிறகு சாலை காலியானது. லோரி நகரவில்லை. பின்னால் பிரேக் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தன. மறுபடி வண்டிகள் வந்தன, போயின, மறுபடி காலியானது. அப்போதும் எரிந்தன. அவர் குனிந்து தன் காலைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபோர்மன் என்ன ஆச்சு என்று கேட்க வாயைத் திறந்தார், நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இடது பக்க ஜன்னலிலிருந்து பரமேஸின் கை வெளியே வந்தது. இந்தப் பக்கம் வண்டி இல்லை, போ என்று வளையல் குலுங்க ஆட்டியது.

விளக்கு இரண்டும் அணைந்தன.